கண் மூடினால் இறங்கும் எண்

ஜூலை 7, திங்கள்

காலை ஐந்தரைக்கே புழுக்கம். மின்விசிறி முழு வேகத்தில் ஓடியும் தலையணை ஈரம்.

வாங்க வேண்டியவை: பேட்டரி நான்கு (பி.பி. மெஷினுக்கு). கோடு போட்ட நோட்டு ஒன்று. உப்பில்லாத பிஸ்கட், அப்படி ஒன்றை மனிதர்கள் தின்கிறார்கள் என்றால்.

தியான வகுப்பு முதல் நாள். இனி தி.வ. என்றே எழுதுவேன். முழுதாக எழுதினால் மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடும். பெசன்ட் நகரில் எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெரு, ஒரு கேக் கடையின் மாடி. காலை ஆறு மணிக்குக் கீழே அடுப்பு பற்றவைக்கிறார்கள், வெண்ணெய் வாசனை ஜன்னல் வழியாக ஏறி வருகிறது. அந்த வாசனைக்கு நடுவே உட்காரவைத்து ஆசையை விடச் சொல்கிறார்கள்.

சொல்லித்தருபவன் பெயர் விவேக். முப்பத்தைந்து இருக்கும். கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவன், வேலை மனதை அரித்துவிட்டதால் மலைப்பக்கம் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தானாம். கசங்கிய ஜிப்பா. கசங்கியே விற்கிறார்கள் என்று நினைக்கிறேன். பேசுவதெல்லாம் குழந்தை தூங்குகிற அறையில் பேசுவது போல.

"மேம், எண்ணங்களை மேகம் மாதிரி பாருங்க. வரட்டும். போகட்டும்."

என் எண்ணங்கள்: பன்னிரண்டாம் வகுப்பு இரண்டு பிரிவு, எண்பத்திரண்டு ரெக்கார்ட் நோட்டு, லேபில் ஒழுகும் குழாய். இவை மேகம் இல்லை. திருத்தினால்தான் போகும்.

உடன் உட்காருபவர்கள்: கையில் கட்டிய கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அமைதி அடையும் ஒருவர். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், ஐந்தாவது நிமிடத்தில் குறட்டை. மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் வரும் மாமி ஒருத்தி. நான்.

சனிக்கிழமை நடந்ததை எழுதாமல் விட்டிருந்தேன். எழுதிவிடுகிறேன். அண்ணன் சேவியருக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டு எட்டு மாதம். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். கொடுக்க ஆள் வேண்டும். ஸ்டெல்லா அண்ணிக்குச் சர்க்கரை, அதனால் முடியாது. அவர்கள் மகனைக் கேட்பதாக இல்லை, கல்யாணம் ஆக வேண்டிய பையனாம். மிச்சம் நான். நாற்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவள், ரத்த வகை பொருந்துகிறது. கொடுக்கிறாயா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு வருகிறாய் என்றுதான் கேட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் என் பி.பி. 154/98. டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டார்.

"மூணு வாரம் பார்க்கலாம் மேடம். உப்பைக் குறைங்க, நடங்க. டெய்லி இருபது நிமிஷம் தியானம் பண்ணுங்க, டென்ஷன் இறங்கணும். காலைலயும் சாயந்திரமும் வீட்லயே பார்த்து நோட்ல எழுதுங்க. அப்பவும் நூத்தைம்பதுலயே நின்னா உங்க கிட்னியை எடுக்க மாட்டேன், அதோட விட்டுடலாம். இறங்கியிருந்தா இருபத்துநாலு மணி நேர மெஷின் மாட்டிப் பார்த்துட்டு மேல போகலாம்."

ஆக, நான் கண்ணை மூடி உட்கார்ந்தால் அண்ணனுக்குக் கிட்னி. எந்தக் கிறுக்கன் இந்தச் சங்கிலியைக் கோத்தான் என்று தெரியவில்லை.

காலை 152/96. மாலை 154/94.

ஜூலை 8, செவ்வாய்

தி.வ. இரண்டாம் நாள். "மூச்சை மட்டும் கவனிங்க." கவனித்தேன். கவனித்ததும் மூச்சு முட்டியது. நாற்பத்தெட்டு வருடமாக என்னைக் கேட்காமல் ஒழுங்காக நடந்த ஒரே வேலை அது, அதையும் கெடுத்துவிட்டான்.

முடிந்து செருப்பு மாட்டும்போது மயிலாப்பூர் மாமி: "நான் ஆத்துல உக்காந்தா குக்கர் விசில எண்ணிண்டிருப்பேன். இங்க வந்தா அவா குறட்டைய எண்ணிண்டிருக்கேன். ஏதோ ஒண்ணு எண்ணறேன்."

இந்த வகுப்பில் உருப்படியாகப் பேசிய முதல் ஆள்.

பஸ்ஸில் கோபாலபுரம் வரை நின்றுகொண்டே. பள்ளியில் ஸ்டாஃப் ரூமில் யாரோ தி.வ. பற்றிச் சொல்லிவிட்டார்கள். உடனே ஆளாளுக்கு ஒரு வழி. ஒருத்தி மெழுகுவர்த்தியைப் பார்க்கிறாளாம். ஒருத்தி போனில் மழைச் சத்தம் போட்டுக்கொண்டு படுக்கிறாளாம். மழை பெய்தால் அவள் வீட்டுக்குள்தான் தண்ணீர் வரும், அப்போது எழுந்து வாளி தேடுவாள். பயாலஜி ஃபரிதா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத்தான் விஷயம் முழுதும் தெரியும்.

காலை 150/96. மாலை 156/98 (மாலையில் ஸ்டெல்லா அண்ணி போன் செய்தார், அதற்குப் பிறகு பார்த்தது).

அண்ணி சொன்னது, சொன்னபடியே: "உனக்கு இன்னா ரெஜி, தனி ஆளு. ஒரு மாசம் லீவ் போட்டு ரெஸ்ட் எடுத்தா சரியாப் பூடும். புள்ளையா குட்டியா?"

உதிரி பாகம் கடையில் சும்மா கிடக்கிறது, எடுத்து மாட்டு. அவ்வளவுதான் அவருக்கு.

ஜூலை 10, வியாழன்

மேகமூட்டம், ஒரு சொட்டு விழவில்லை.

லேப். பன்னிரண்டு ஆ பிரிவுக்கு டைட்ரேஷன். தர்ஷினி என்ற பெண் மூன்று ரீடிங் எழுதியிருக்கிறாள்: 20.4, 20.4, 20.4. அழகான கையெழுத்து. அவள் ப்யூரெட்டைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்து கிடக்கிறது. கரைசல் ஊற்றவே இல்லை. விடையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பின்னாலிருந்து கணக்குப் போட்டு எழுதியிருக்கிறாள்.

"இது என்ன?"

"ரீடிங் மிஸ்."

"எங்கேருந்து வந்தது?"

தாளைக் கிழித்துச் சிங்கில் போட்டேன். இருபத்தாறு வருடமாக இதையே செய்கிறேன். வருடத்துக்கு ஐந்தாறு பேர் இப்படி மாட்டுவார்கள். எல்லோரும் ஒரே தப்பில்தான் மாட்டுவார்கள்: பொய்யைச் சுத்தமாக எழுதுவார்கள். நிஜமாகச் செய்தால் ஒரு சொட்டாவது இடிக்கும்.

மாலை 148/94. நூற்றைம்பதிலிருந்து இரண்டு புள்ளி இறங்கியதை விவேக் (இனி வி.) கேட்டால் தன் சாதனை என்பான். ஊறுகாய் விட்டேன், அதுதான்.

ஜூலை 13, ஞாயிறு

காலைப் பூசை. வெயில். கடற்கரை மணல் கோயில் படிவரைக்கும்.

மதியம் சிந்தாதிரிப்பேட்டை, அண்ணன் வீடு. கீழே அவனுடைய மோட்டார் வைண்டிங் கடை, மேலே வீடு. எட்டு மாதமாகக் கடை பாதி நாள் பூட்டு. ஆனால் இன்று ஞாயிறு, உடம்பு முடியாது, அப்படியும் ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்து. இளைத்துவிட்டான், வயிறு மட்டும் அப்படியே.

"இன்னா ரெஜி, டெய்லி கண்ண மூடிக்கினு குந்திக்கினு கீறியாமே. இன்னா தெரிது உள்ள?"

"ஒண்ணும் தெரியல."

"அதுக்குக் காலைல அஞ்சு மணிக்கு எய்ந்து போறியா? எனுக்குத் தூங்கும்போதே ஒண்ணும் தெரியாது."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். சிரிப்பு இருமலானது. தண்ணீர் கேட்டான். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். அண்ணி அரை டம்ளர் கொடுத்தார். அவர் சமையலறைக்குப் போனதும் மிச்சச் சொம்பையும் எடுத்துக் குடித்தான். என்னைப் பார்த்து ஒரு கண்ணடிப்பு.

இதுதான் என் அண்ணன். பத்து வருடத்துக்கு முன்னாலேயே பி.பி. என்று சொன்னார்கள். மாத்திரை வாங்கி வைத்தார்கள். "எனுக்கு ஒண்ணும் பண்லியே" என்று அலமாரியிலேயே விட்டான். நான் சொன்னேன். போனில், நேரில், கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேஜையில். டீச்சர் புத்தி போகாது என்று எல்லோர் முன்னாலும் சிரித்தான். தன் கிட்னியைப் பத்து வருடம் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன், என் கிட்னியை மட்டும் பார்த்துக்கொள்வானா? அதற்கும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கண்ணடிப்பான்.

கிளம்பும்போது அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நிஜமான அழுகைதான். அதனால்தான் எரிச்சல், திட்ட முடியவில்லை.

மாலை 150/96. பஸ் நெரிசல்.

ஜூலை 15, செவ்வாய்

நேற்று பெய்த மழையில் வி.யின் மாடிப்படி வழுக்கல். கடிகாரக்காரர் விழப் பார்த்தார். கடிகாரம் பிழைத்தது.

ஒன்றை எழுத வேண்டும், எழுதப் பிடிக்கவில்லை. இன்று உட்கார்ந்ததில் கொஞ்ச நேரம், எவ்வளவு என்று தெரியாது, ஒன்றும் இல்லாமல் இருந்தது. ரெக்கார்ட் நோட்டு இல்லை, அண்ணி இல்லை, குறட்டை கேட்டது, ஆனால் தொந்தரவு இல்லை. மணி அடித்ததும் திடுக்கிட்டுக் கண் திறந்தேன். வி. என்னைப் பார்த்து இளித்துக்கொண்டு நின்றான்.

"மேம், இன்னைக்கு நீங்க போனீங்க."

"எங்கே?"

"உள்ளே."

அவன் ஜிப்பாவைக் கசக்கலாம் போலிருந்தது. ஏற்கனவே கசங்கியிருப்பதால் விட்டேன்.

காலை 140/88. மெஷின் கோளாறு என்று மறுபடி பார்த்தேன். 138/88.

ஜூலை 17, வியாழன்

காலை 128/82.

மறுபடி 126/80. இன்னொரு தடவை, இடது கையில். 128/82.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பால் பொங்கி வழிந்தது, எழவில்லை. சந்தோஷப்பட வேண்டிய எண். நிம்மதியாகத் தூங்குகிறேன், ஐந்து நாளாகத் தலைவலி மாத்திரை போடவில்லை, வகுப்பில் கத்தவில்லை. வி. சொன்ன அத்தனையும் நடக்கிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வந்தது பயம் மட்டும்தான்.

இன்று காலை கண்ணை மூடியிருந்தபோது ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். "இறங்கக் கூடாது, இறங்கக் கூடாது." மூச்சுக்கு ஒன்றாக. எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேனோ தெரியாது. மற்ற சத்தமெல்லாம் அடங்கியதும் அது மட்டும் மிச்சம் நின்றது.

எனக்குக் கொடுக்க இஷ்டமில்லை. எழுதிவிட்டேன். இந்த நோட்டை யாரும் பார்க்கப் போவதில்லை. என்னைக் கிழிப்பார்கள் என்பது பயம். ஒற்றைக் கிட்னியோடு தனியாக இந்த ஃப்ளாட்டில் எழுபது வயது வரை இருக்க வேண்டும் என்பது பயம். அப்போது எனக்கு ஒன்று என்றால் எந்தத் தங்கை வரப்போகிறாள்? நூற்றைம்பது என்ற எண்ணை நம்பி உட்கார்ந்திருந்தேன். முடியாது என்று என் வாயால் சொல்ல வேண்டாம், மெஷினே சொல்லும் என்று. இப்போது மெஷினும் கட்சி மாறிவிட்டது.

டாக்டரம்மாவுக்குக் காட்டும் நோட்டில் நான் எழுதியது: 150/96.

ஜூலை 18, வெள்ளி

காலை 124/80. எழுதியது 152/94.
மாலை 130/82. எழுதியது 148/96.

நேற்றைய 150-ஐ அடித்து 146/98 ஆக்கினேன். பூஜ்யத்தில் முடியும் எண் கண்ணை உறுத்தும். நடுவில் ஒரு நாள் 142 போட வேண்டும், நடந்துவிட்டு வந்த நாளாக இருக்கட்டும். பேனாவையும் மாற்றினேன், இரண்டு நாள் நீலம், ஒரு நாள் கறுப்பு. பிள்ளைகளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். பொய் கொஞ்சம் கோணலாக இருக்க வேண்டும்.

தர்ஷினியின் தாளைச் சிங்கில் போட்டு எட்டு நாள்தான் ஆகிறது. தெரியும். எழுத வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

தி.வ. போனேன். நிறுத்தலாம் என்று நினைத்தேன், நிறுத்தினால் எண் தானாக ஏறும், பொய் எழுத வேண்டாம். ஆனால் அதிகாலை ஐந்தரைக்குக் கால் தானாகப் போகிறது. அந்த இருபது நிமிடம் எனக்கு வேண்டியிருக்கிறது. வெட்கக்கேடு.

ஜூலை 20, ஞாயிறு

பூசையில் அண்ணன் பெயரைச் சொல்லி மன்றாட்டு வாசித்தார்கள். அண்ணி எழுதிக் கொடுத்திருக்கிறார், அவர்கள் பங்குக் கோயில் வேறு, அப்படியும் எங்கள் கோயில்வரை வந்து. "நோயுற்ற எங்கள் சகோதரர் சேவியருக்காகவும், அவருக்கு உதவ முன்வந்திருக்கும் அன்புத் தங்கைக்காகவும்." நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. முன்வந்திருக்கும். யார் முன்வந்தது? தள்ளிவிட்டால் முன்னால்தான் விழும்.

சகலரும் சேர்ந்து "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். நானும் சொன்னேன். வாய் பழக்கம்.

வெளியே ஒரு அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்து, "நீங்க தேவதைம்மா" என்றாள். அந்த நேரத்தில் மெஷின் வைத்துப் பார்த்திருந்தால் பொய்யே எழுதியிருக்க வேண்டாம்.

காலை 126/80 (142/90). மாலை 128/84 (152/96).

ஜூலை 22, செவ்வாய்

ஃபரிதா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே: "மிஸ், முகமே தெளிஞ்சிருக்கு. பி.பி. குறைஞ்சிருக்கணுமே?"

"இல்ல. அப்படியேதான் இருக்கு."

"அப்படியா." ஒரு வாய் சாப்பிட்டாள். "குறைஞ்சிருந்தாலும் என்கிட்ட சொல்லாட்டிப் பரவால்ல. நான் விடியக்காலைல ஃபஜர் தொழுதுட்டு அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். நல்ல நினைப்பு மட்டும்தான் வரும்னு யாரு சொன்னா? எங்க மாமியார் சாகணும்னு கூட வந்திருக்கு."

"செத்தாங்களா?"

"எங்கே. இன்னைக்கு இந்தக் குழம்பு அவங்க வெச்சதுதான்."

இருவரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்ததால் என்று அவள் எடுத்துக்கொண்டாள், அல்லது அப்படி நடித்தாள்.

திருத்தியது: ரெக்கார்ட் முப்பத்தொன்று. தர்ஷினி சோதனையைத் திரும்பச் செய்திருக்கிறாள். 20.1, 20.3, 20.3. கோணல். நிஜம். முழு மதிப்பெண் போட்டேன். போடும்போது கை கூசியது.

ஜூலை 24, வியாழன்

மாலை பள்ளி முடிந்து வந்தால் வாசலில் அண்ணன். சொல்லாமல் வந்திருக்கிறான். ஷேர் ஆட்டோ, பிறகு பஸ், பிறகு நடை. மூன்றாவது மாடி வேறு. சட்டை முழுதும் வியர்வை, கையில் ஒரு பை. சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட் வஞ்சிரம், துண்டு போட்டு, ஐஸ் வைத்து.

"உப்பு கம்மியாப் போட்டு வறு. உனுக்கும் ஆவாது, எனுக்கும் ஆவாது."

வருடத்துக்கு ஒரு தடவை கூட இந்தப் படி ஏறாதவன். எதற்கு வந்திருக்கிறான் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே மீனைக் கழுவினேன். நன்றி சொல்ல வந்தானா? சொன்னால் தாங்க முடியாது. எப்போது ஆபரேஷன் என்று கேட்க வந்தானா? கேட்டால் சண்டை போடலாம்.

அவன் கூடத்து மேஜையில் உட்கார்ந்தான். அங்கேதான் பி.பி. மெஷின், பக்கத்தில் டாக்டரம்மா நோட்டு. எந்த மெஷினைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. பட்டையைத் தன் கையில் சுற்றிக்கொண்டான். நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு 170 சொச்சம். உதட்டைப் பிதுக்கினான். பட்டையைக் கழற்றிவிட்டு இன்னொரு பட்டனை அமுக்கினான்.

எனக்கு அந்த மெஷினில் தெரிந்தது ஒரே பட்டன்தான், பெரியது. சின்னது எதற்கு என்று மூன்று வாரமாக யோசித்ததில்லை. லேபில் ஒரு புது தராசு வந்தால் புத்தகத்தை முழுதாகப் படிக்காமல் தொடவிட மாட்டேன். என் வீட்டு மெஷினின் புத்தகம் உறை பிரிக்காமல் அலமாரியில்.

அது பழைய எண்களைக் காட்டும் பட்டன். எல்லாம் உள்ளே இருக்கிறது.

அவன் அமுக்கினான். பார்த்தான். நோட்டைத் திறந்தான். மறுபடி அமுக்கினான். நோட்டில் விரலை வைத்தான். ஒரு நாள், இன்னொரு நாள், வரிசையாக, மோட்டாருக்குக் காயில் சுற்றும்போது சுற்று எண்ணுவானே, அந்த நிதானம். வாணலியில் மீன் கருகியது, வாசனை வந்தும் திருப்பவில்லை.

அவன் தலையைத் தூக்கவே இல்லை. அந்தச் சின்ன பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம். மெஷின் ஒரு சத்தம் போட்டது. திரை காலியானது.

"மெமரி ஃபுல்லாயிட்ச்சு ரெஜி. அப்டியே வுட்டா தப்புத் தப்பாக் காட்டும். அய்ச்சிட்டேன்."

பொய். எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"நோட்ல நீ எய்தினது கரெக்டாத்தான் கீது. அதையே காட்டு."

மீனைத் தட்டில் வைத்தேன். கருகியதைத் தான் எடுத்துக்கொண்டு நல்லதை என் பக்கம் தள்ளினான். கடையைப் பற்றிப் பேசினான், யாரோ ஒரு ஹோட்டல்காரன் கிரைண்டர் மோட்டாரைப் புகைய விட்டதைப் பற்றி. அரை டம்ளர் தண்ணீர் வைத்தேன். குடித்தான், இன்னும் கேட்கவில்லை.

படியிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினான். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். என்ன சொல்ல?

ஜூலை 25, வெள்ளி

தூக்கமில்லை. தி.வ. போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தேன், இரண்டு நிமிடம்கூட முடியவில்லை. கண்ணை மூடினால் மேஜை, நோட்டு, அவன் விரல்.

காலை 158/100.

டாக்டரம்மா நோட்டில் எழுதியது: 158/100. ஒரு வாரத்துக்குப் பிறகு உண்மை. சிரிப்பு வந்தது.

அவன் கத்தியிருக்கலாம். அண்ணிக்குப் போன் போட்டு ஊரைக் கூட்டியிருக்கலாம். "உனக்கு வெட்கமா இல்லியா" என்று ஒரு வார்த்தை. கேட்டிருந்தால், மாத்திரையைத் தொடாத உனக்கு என்னைக் கேட்க என்ன யோக்கியதை என்று திருப்பிக் கொடுத்து, சுத்தமான மனதோடு பின்வாங்கியிருப்பேன். அதற்குத்தான் பத்து வருடமாக அவன் குற்றங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன் போலிருக்கிறது. ஒன்றுக்கும் உதவாமல் செய்துவிட்டான்.

அவனை இளப்பமாகப் பார்ப்பது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று இன்றுதான் தெரிகிறது. அவன் மேல் கோபம் போகவில்லை. என் மேல் வந்திருப்பது அதைவிட மோசம்.

வி.யிடமிருந்து வாட்ஸாப்பில் செய்தி: "இன்னைக்கு உங்க இடம் காலியா இருந்துச்சு மேம்." ஒரு தாமரைப் பூப் படம் வேறு. அழித்தேன்.

பள்ளிக்குப் போனேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

ஜூலை 26, சனி

காலையிலிருந்தே தூறல். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, தனியாக. அண்ணி கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

டாக்டரம்மா நோட்டுக்குக் கையை நீட்டினார். கொடுக்கவில்லை.

"இதுல பதினேழாம் தேதியிலேருந்து இருபத்துநாலு வரைக்கும் எழுதினது பொய் டாக்டர். இறங்கிடுச்சு. நூத்தி இருபத்தாறு, நூத்தி இருபத்தெட்டு. நான்தான் ஏத்தி எழுதினேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பயமா?"

"ஆமா."

"கொடுக்க இஷ்டமா உங்களுக்கு?"

ஆறு மாதமாக டெஸ்ட் டெஸ்ட்டாக எடுத்தார்கள். ரத்தம், சிறுநீர், ஸ்கேன். இந்தக் கேள்வியை இன்றுதான் ஒருவர் கேட்கிறார்.

"வேண்டாம்னா சொல்லுங்க. 'தகுதியில்லை'ன்னு மட்டும் எழுதுவேன். காரணம் உங்க அண்ணாவுக்கும் சொல்ல மாட்டேன், யாருக்கும் சொல்ல மாட்டேன். நிறைய பேருக்கு எழுதியிருக்கேன் மேடம். அவங்க யாரும் கெட்டவங்க இல்ல."

அவர் பேனா மூடி திறந்திருந்தது. நான் தலையை ஆட்டினால் போதும். ஒரு வரி. வீட்டுக்குப் போய் நிம்மதியாக அழலாம், அண்ணியோடு சேர்ந்துகூட அழலாம்.

"அவனுக்குத் தெரியும் டாக்டர். மெஷின்ல பார்த்துட்டான். பார்த்துட்டு எனக்காக அழிச்சிட்டுப் போயிட்டான்."

அவர் பேனாவை மூடினார்.

"பயம் போகல. அது போகாது. மெஷினை மாட்டுங்க."

"யோசிச்சுச் சொல்லலாம். அவசரமில்ல."

"யோசிச்சுதான் மூணு வாரம் உட்கார்ந்தேன்."

மாட்டினார்கள். இடுப்பில் ஒரு பெட்டி, கையில் பட்டை. அரை மணிக்கு ஒரு தடவை தானாக இறுக்கும். இறுக்கும்போது கையை அசைக்கக் கூடாது. நாளைக் காலை பத்து மணிக்குக் கழற்றுவார்கள். இதில் நான் எழுத ஒன்றுமில்லை.

வீடு. மோர் சாதம். அலமாரியில் இருந்த ஊறுகாயைக் கீழ் வீட்டில் கொடுத்தேன். மூன்று தடவை இறுக்கிவிட்டது. எண்ணைக் காட்டாத மெஷின், இதில் பட்டனே இல்லை.

நாலு மணிக்கு அண்ணன் போன்.

"இன்னா ரெஜி, போய்ட்டு வந்துட்டியா? நோட்ட காட்டினியா?"

"இல்ல."

"இன்னா இல்ல?"

"மெஷின் மாட்டியிருக்காங்க. நாளைக்குக் காலைல வரைக்கும்."

கடையில் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அதை யாரோ நிறுத்தினார்கள். அவனாகத்தான் இருக்கும்.

"இன்னாத்துக்கு ரெஜி? நான்தான் சொன்னேனே." குரல் உடைந்தது. அவன் அழுது நான் கேட்டதில்லை, அப்பா சாவுக்குக்கூட இல்லை. "உனுக்கு இஷ்டமில்லாம..."

கையில் பட்டை இறுக ஆரம்பித்தது.

"அண்ணா, நீ பேசினாலே எனக்கு ஏறும். போனை வை. நான் உட்காரணும்."

வைத்தான். பாயை விரித்து, கையைத் தொடையில் வைத்து, அசையாமல் உட்கார்ந்தேன். இறங்கு என்றேன்.